கண்ணுக்கு லத்தீன் தெரியாது

எனக்கு எண் பித்து பிடித்தது ஒரு செப்டம்பர் மாதத்தில். கணக்குப் பித்து என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கும் நானும் பள்ளிக்கூடத்திலேயே முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. இது வேறு. வார்த்தைகளுக்குள் பதுங்கியிருக்கிற எண்களைக் காதைப் பிடித்து வெளியே இழுக்கிற பித்து.

புதுச்சேரியில் பீச் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வண்டிக் கடையில் வேலை பார்க்கிறேன். சைக்கிளும் ஸ்கூட்டரும் நாள் வாடகைக்கு விடுவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள், மீதியில் பெரும்பங்கு பிரெஞ்சுக்காரர்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்து வரைக்கும்தான். ஆன், தே, த்ருவா, காத்ர், சேங்க், சீஸ், செத் என்று போகும். சைக்கிள் பூட்டின் நம்பரைச் சொல்ல அது போதும். அந்தப் பத்துச் சொல்லை நான் சொல்கிற தோரணையைப் பார்த்துச் சிலர் மடமடவென்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது எனக்கு அவசரமாக ஒரு டயருக்குக் காற்றடிக்க வேண்டியிருக்கும்.

அன்று ஒரு பிரெஞ்சு அம்மாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "செத் செப்தாம்ப்ர்" என்றார். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்ததும் எனக்குள் ஏதோ சொடுக்கியது. செத் என்றால் ஏழு. செப்டம்பருக்குள்ளேயும் ஏழா? செப்டம்பர் ஒன்பதாவது மாதம் அல்லவா? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான். அந்த அம்மாளிடமே என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கடைக் காலண்டரைக் கழற்றி, மார்ச்சில் விரலை வைத்து எண்ணிக் காட்டினார். பழைய ரோமாபுரியில் வருஷம் மார்ச்சில்தான் பிறந்ததாம். மார்ச்சிலிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. வருஷப் பிறப்பை ஜனவரிக்குத் தள்ளியவர்கள் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள், கடை கைமாறிய பிறகும் பழைய போர்டு தொங்குகிற மாதிரி.

நான் கத்தியேவிட்டேன். ஆக்ட் என்றால் அஷ்டம்! நவம் என்றால் நவம்! டிசம் என்றால் தசம்! செப்ட் என்றால் சப்தம்! நாங்கள் நவராத்திரி என்கிறோம், அவர்கள் நவம்பர் என்கிறார்கள். இத்தனை வருஷமாகக் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன், ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்கிறதா?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஊர் பாகூர்ப் பக்கம், நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். நான் கடலோரத்துக் குருசுக்குப்பத்துக்காரி, வேறு ஜாதி. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் எவ்வளவு குதித்தார்கள் என்பதை விட்டுவிடுகிறேன், குதித்துக் களைத்துப்போய் இப்போது பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள்.

"ஏங்க, டிசம்பர்னா பத்துங்க!"

"டிசம்பர்னா பன்னெண்டு. இன்னா, வெயில்ல நின்னியா?"

நான் விளக்கினேன். அவர் சட்டையைக் கழற்றாமலேயே கேட்டார். பிறகு, "அப்போ யூனிஃபார்ம்ல இன்னா இருக்குது?" என்று தன் கம்பெனிச் சட்டையை இழுத்துக் காட்டினார். போனில் தேடிப் பார்த்தேன். யூனி என்றால் ஒன்று. ஃபார்ம் என்றால் உருவம். எல்லாருக்கும் ஒரே உருவம்! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்தில் அவருக்கும் பித்து ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் எங்களுக்கு இதே விளையாட்டு. போர்டு போர்டாகப் படித்துக்கொண்டே போவோம். யூனியன் பிரதேசம் என்று பார்த்தால், "நாலு ஊரு நாலு மூலைல கெடக்குது, பேரு மட்டும் ஒண்ணு" என்பார். மூன்று பேர் ஒரே வண்டியில் போய்ப் போலீசிடம் மாட்டினால், "பாரு, ட்ரிபிள்ஸ், உன் ட்ரை போவுது" என்பார். ஆக்டோபஸ் என்றால் எட்டுக்கால் என்று கண்டுபிடித்த அன்று நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே அவர் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னேன். தப்பும் நிறைய. பைபாஸில் 'பை', அதாவது இரண்டு இருக்கிறது என்று அவர் சாதித்தார், இல்லவே இல்லை. செமஸ்டரில் இருப்பது 'செமி', அதாவது பாதி என்று நான் அடித்துப் பேசினேன். தேடிப் பார்த்தால் அது ஆறு மாதமாம். செ என்றால் ஆறு, மெஸ்டர் என்றால் மாசம். மெஸ்டர், மாசம்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு பெயர் என்பது மட்டும் கொஞ்ச நாள் குழப்பியது. ஒன்றுக்கு யூனியும் உண்டு, மோனோவும் உண்டு. இரண்டுக்கு பை, டை. நாலுக்குக் குவாட், டெட்ரா. ஏழுக்கு செப்ட், ஹெப்ட். அப்புறம் புரிந்தது. முதலில் வருவது லத்தீன், இரண்டாவது கிரேக்கம். நாம் மட்டும் என்ன? முக்கோணம் என்றும் சொல்கிறோம், திரிகோணம் என்றும் சொல்கிறோம். ஐந்து என்கிறோம், பஞ்சம் என்று வேண்டாம், பஞ்சாமிர்தம் என்கிறோம். இங்கிலீஷும் நம்மை மாதிரி சொந்தச் சரக்கோடு கடன் வாங்கியதையும் வைத்துக் குடித்தனம் நடத்துகிற பாஷைதான். நான் தினமும் துடைத்து வைக்கிற பைசைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பை லத்தீன், சைக்கிள் கிரேக்கம். அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "கலப்புக் கல்யாணம்! நம்மள மாதிரி" என்றார். எனக்கு அவரை அப்போது ரொம்பப் பிடித்துப்போனது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. போகாத டாக்டர் இல்லை. கடைசியில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு, ஆனது ஆகட்டும் என்று நாங்கள் போர்டு படித்துக்கொண்டு ஊர் சுற்றிய காலத்தில்தான் அது நடந்தது. டாக்டரம்மா, "ஃபர்ஸ்ட் ட்ரைமெஸ்டர் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். ட்ரை, மூன்று. மெஸ்டர், மாசம். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, "மூணு மாசம் ஜாக்கிரதையாம்" என்றேன். என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே அழுதார்.

அந்த மூன்று மாதம் முடிகிற சமயத்தில் ஸ்கேன். இருட்டான அறை, வயிற்றில் சில்லென்ற ஜெல். ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் டைப் அடிக்கிற பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "மோனோகோரியானிக். டைஅம்னியாட்டிக்."

மோனோ ஒன்று. டை இரண்டு.

"டாக்டர்! எது ஒண்ணு? எது ரெண்டு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "மெடிக்கல் லைனாம்மா நீங்க?"

"இல்ல டாக்டர், சைக்கிள் கடை. சொல்லுங்க, எது ரெண்டு?"

அவர் சிரித்தார். திரையை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு பனிக்குடம். ரெண்டு குழந்தை. ட்வின்ஸ்மா." இரண்டு சின்ன வெளிச்சங்கள் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன.  ட்வின், ட்வெல்வ், ட்வென்டி, எல்லாவற்றின் தலையிலும் இருப்பது அந்த 'டூ' தான், இங்கிலீஷின் சொந்த இரண்டு என்று எப்போதோ படித்தது அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்? வந்தது. நான் அதையும் டாக்டரிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சரி, அந்த ஒண்ணு?" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நஞ்சுக்கொடி ஒண்ணுதான். ரெண்டு பேரும் அதுலேருந்துதான் ரத்தம் எடுத்துக்கறாங்க. சில சமயம் ஒருத்தர் கூட எடுத்துக்குவாங்க, இன்னொருத்தருக்குக் குறைஞ்சுடும். அது ஆகாம இருக்கணும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் வந்து காட்டணும்."

வெளியே காத்திருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன். "ஏங்க, ரெண்..."

அவர் தன் கையால் என் வாயைப் பொத்திவிட்டார்.

அவர் வீட்டு வழக்கம் அப்படி. பிறக்கப்போவது எத்தனை என்று வாயால் சொல்லக் கூடாது. பிறந்த குழந்தைகளையும் வீட்டில் யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணினால் கண் பட்டுவிடும். எண் என்றால் உயிரையே விடுகிற எனக்கு இப்படி ஒரு வீடு! இதில் வேடிக்கை, அவருக்கு நாள் முழுக்க எண்ணுவதுதான் வேலை. அதிலும் ஒரு வழக்கம் உண்டு. அவர் அப்பா களத்தில் மல்லாட்டை அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்று சொல்லித்தான் கொட்டுவார். அதற்கப்புறம் ரெண்டு, மூணு. அதே பழக்கத்தில் இவரும் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி ஏற்றும்போது "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். லாபம் என்று வாய் திறந்துவிட்டால் அடுத்த எண் சொல்லாமல் அளவை நிறுத்தக் கூடாது, லாபம் அந்தரத்தில் நிற்கும் என்பது அவர் அப்பா வைத்த சட்டம். ஒரே ஒரு பெட்டி போகிற நாளில்கூட மனுஷன் ஒரு காலி டப்பாவைச் சேர்த்துத் தூக்கி வைத்து "ரெண்டு" சொல்லிவிட்டு வருவார்.

"வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எண்ண வேணாம். நீயும் சொல்லாத, நானும் சொல்லல" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் எனக்கு வழி கிடைத்தது. "தமிழ்லதான சொல்லக் கூடாது? கண்ணுக்கு லத்தீன் தெரியுமா?"

யோசித்தார். "தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்."

அப்படித்தான் எங்கள் குழந்தைகளுக்கு பைசைக்கிள் என்று பெயர் வந்தது. அவர் கம்பெனியிலிருந்து போன் செய்வார். "பைசைக்கிள் சாப்புட்டுச்சா?" சாப்பிட்டது என்பேன். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் நான் போன் செய்து, "சக்கரமெல்லாம் சுத்துது" என்பேன். அந்தப் பக்கம் லோடு ஆட்கள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். கடைக்கு வருகிறவர்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஜாக்கிரதை என்பார்கள். நான் மனசுக்குள் பை, டை, துவி என்று தாளம் போட்டுக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை.

ஒரு ஸ்கேனில் மட்டும் டாக்டர் அளந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்தார். ஒரு குழந்தை வளர்ந்திருந்தது. இன்னொன்று இளைத்திருந்தது, அதன் பனிக்குடத்தில் தண்ணீரும் குறைவு. இன்னும் குறைந்தால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், சீக்கிரமே மறுபடி வா என்றார். வெளியே வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சக்கரம் சுற்றுகிறது என்று சொல்வதா, என்ன சொல்வது? "ஒரு டயர்ல காத்து கம்மியா இருக்குதாம்" என்றேன்.  அரை மணி நேரத்தில் அவர் யூனிஃபார்மோடு வந்து நின்றார். அன்று போர்டு எதையும் படிக்காமல் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த தடவை தண்ணீர் மேற்கொண்டு குறையவில்லை. அதற்கடுத்த தடவை கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர், "பிடிச்சுக்கிட்டு நிக்குதும்மா அது" என்றார். எனக்கு அந்தச் சின்னதின் மேல் கர்வமே வந்துவிட்டது. எல்லா எண்களிலும் இரண்டுக்குத்தான் பெயர் அதிகம் என்று மனசுக்குள்ளேயே அதனிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

நாள் குறித்து, காலையில் ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். முதல் அழுகை நல்ல கணீரென்று வந்தது. பெண். இரண்டாவதும் பெண் என்றார்கள், ஆனால் அழுகை வரவில்லை. யாரோ வேகமாக நடந்தார்கள். கொஞ்சம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எனக்குக் காட்டாமலேயே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னை வார்டுக்குக் கொண்டு வந்தபோது அவர் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தொட்டிலில் பெரியது தூங்கிக்கொண்டிருந்தது. 

"சின்னது?"

"கண்ணாடிப் பொட்டில வச்சிருக்காங்க. மூச்சு வாங்குதாம். பாத்துக்கறோம்னு சொல்றாங்க." பிறகு தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

நர்ஸ் பெரியதை வெளியே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். இவருக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் ஓடவில்லை. குழந்தை கையில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "லாபம்."

சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டியிருக்கிறார். அடுத்தது வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"எண்ண மாட்டேன்னு சொன்னவன் நான். எண்ண ஆரம்பிச்சுட்டு அப்படியே நிக்கறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபம்! "நீங்க வாயைத் தொறந்ததாலயா அதுக்கு மூச்சு வரல? இன்னா பேசறீங்க?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்கிறேன், கத்திவிட்டேனே தவிர எனக்கும் அந்த நினைப்பு விடவில்லை. பாதியில் நிற்கிற அந்த எண்ணிக்கை அறைக்குள் தொங்குவது மாதிரியே இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துச் சின்னதைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நெஞ்சு, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் நீட்டலாம் என்றாள் நர்ஸ். நீட்டினேன்.  தாலாட்டு வரவில்லை, சாமி பெயர் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"பை. டை. டுவோ. டூ. ட்வின். தே. துவி. இரு. இரட்டை. ரெண்டு. எல்லாம் நீதான்டி. உனக்கு எத்தன பேரு பாரு. உன் அக்காவுக்குக்கூட இவ்வளவு இல்ல. இத்தன ஊர்க்காரங்க உனக்கு எடம் போட்டு வச்சிருக்காங்க. வந்துடுடி. அப்பா எண்ணிக்கிட்டு நிக்கறாரு."

முதல் தடவையாக அதைத் தமிழில் வாய் திறந்து சொல்லியிருந்தேன். கண் பட்டால் படட்டும் என்று இருந்தது. சின்னது என் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டது. எல்லாக் குழந்தையும் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். இருக்கட்டும்.

அடுத்த நாட்களில் குழாயை எடுத்தார்கள். பால் குடிக்கப் பழக்கினார்கள். அவர் காலையில் வருவார், கண்ணாடி வழியாகப் பார்ப்பார், பெரியதைத் தூக்கிக்கொண்டு வார்டில் நடப்பார். எந்த எண்ணையும் அவர் வாயால் சொல்லவில்லை. மாத்திரை எத்தனை என்று கேட்டால் விரலைக் காட்டினார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டார், போனால் எண்ண வேண்டியிருக்குமே.

ஒரு மத்தியானம் நான் பெரியதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "அம்மாகிட்டயே வச்சிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பா, வாங்குங்க."

அவர் மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வாங்கினார். அதன் முகத்தை மறைத்த துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு கட்டிலருகே வந்து, என் பக்கத்தில் அதைப் பெரியதோடு ஒட்டிப் படுக்கவைத்தார்.

"ரெண்டு!" என்றார்.

களத்தில் நின்று கத்துகிற மாதிரி அவ்வளவு சத்தமாகச் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் உஷ் என்று அதட்டினாள். பெரியது பயந்து அழுதது, அதைக் கேட்டுச் சின்னதும் அழுதது, அதுவும் கணீரென்று. நான் தையல் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் நர்ஸைப் பார்த்து, "எண்ணி வாங்கிக்கிட்டேன்மா, சரியா இருக்குது" என்றார்.